காவல்: ஒரு சொல்லின் பொருள் மாற்றமும் சமூகக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் வரலாறும்

முன்னுரை

சமூகம் தன் உறுப்பினரை ஒரு நெறிக்குள் நிறுத்தவும் குற்றம் நிகழாவண்ணம் தடுக்கவும் பல்வேறு அமைப்புகளை உருவாக்கிக்கொள்கிறது. குடும்பம், குலம், ஊரவை, கோயில் என்பன முறைசாரா அமைப்புகள் என்றும், சட்டம், காவல்துறை, நீதிமன்றம், சிறை என்பன முறைசார் அமைப்புகள் என்றும் சமூகவியலார் பகுத்துரைப்பர். முறைசாரா அமைப்புகளிலிருந்து முறைசார் அமைப்புகளை நோக்கி நகர்வதே வளர்ச்சி என்னும் கருத்தும் பரவலாக நிலவுகிறது. தமிழகத்தின் காவல் வரலாறு இக்கருத்தை அவ்வாறே ஏற்க இடந்தருவதாக இல்லை.

தமிழில் 'காவல்' என்னும் சொல் காத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. அரசனைக் குறிக்கும் காவலன், ஊரைக் காக்கும் காவல்காரர், இன்றைய காவல்துறை ஆகிய அனைத்தும் இவ்வேரினின்று கிளைத்தவை. ஆயினும், ஒருவரைப் பிடித்து அடைத்து வைப்பதையும் 'காவலில் வைத்தல்' என்றே வழங்குகிறோம். பாதுகாப்பும் அடைப்பும் ஒரே சொல்லில் உறைந்து கிடக்கின்றன. இவ்விரு பொருள்களுக்கும் இடையே காவல் அமைப்புகள் காலந்தோறும் எவ்வாறு நகர்ந்தன என்பதையும், காப்பவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினா அந்நகர்வில் பெறும் இடத்தையும் இலக்கியம், கல்வெட்டு, சட்ட வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் காவலர்

நகரக் காவல் குறித்த தெளிவான பழஞ்சித்திரத்தை மதுரைக்காஞ்சி தருகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய இப்பாட்டு, மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பகுத்துக் காட்டுகிறது. இடையாமத்தில் இருள்நிற உடை அணிந்து, சுவரைத் துளைக்கும் கருவியும் நூலேணியும் கொண்டு திரியும் கள்வரும் வருகின்றனர். அவரைத் தேடி வரும் ஊர்க்காவலரும் வருகின்றனர். மழை பொழிந்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றிச் சுற்றி வருபவராகக் காவலர் போற்றப்படுகின்றனர். கள்வரின் நுட்பங்களை நன்கறிந்தவர் என்பதே அவர்தம் தகுதியாகக் கூறப்படுதல் கருதத்தக்கது. களவை அறிந்தவரே களவைத் தடுக்க வல்லவர் என்னும் இக்கருத்து, பின்னர் நாம் காணவிருக்கும் காவல் முறையின் அடிப்படையாகவும் அமைகிறது.

சிலப்பதிகாரம் மூவகைக் கட்டுப்பாட்டைக் காட்டுகிறது. முதலாவது, அச்சத்தாலும் நாணத்தாலும் அமையும் கட்டுப்பாடு. புகார் நகரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றாகிய வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் பொதிகள் காவலின்றியே கிடக்கின்றன. திருட முனைவோன் கழுத்து நோவும்படி அப்பொதியைச் சுமந்து ஊரார் காண அலைய நேரும் என்னும் நம்பிக்கையே அங்குக் காவல். பூத சதுக்கத்தின் பூதமோ பொய்த்தவ வேடத்தார் முதலியோரைப் பிடித்து உண்பதாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது, ஆள்வோர் மீதான கட்டுப்பாடு. அரசின் முறை தவறினால் பாவை மன்றத்துப் பாவை வாய்திறவாது கண்ணீர் வடிக்கும். குடிகளைக் கண்காணிக்கும் பூதத்தைப் படைத்த அதே நகரம், கோலைக் கண்காணிக்கும் பாவையையும் படைத்துக்கொண்டது.

மூன்றாவது, அரசின் ஊர்க்காவலர் வழி அமையும் கட்டுப்பாடு. கொலைக்களக் காதையில் அது தோல்வியுறுகிறது. சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே குற்றம் சாட்டுகிறான்; ஆராயாது அரசன் ஆணையிடுகிறான். கோவலனைக் கண்ட ஊர்காப்பாளர் இவன் தோற்றத்தால் கள்வன் அல்லன் என்று தயங்குகின்றனர். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என எடுத்துரைத்து அத்தயக்கத்தைக் கரைக்கிறான் பொற்கொல்லன். அவர்களுள் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கள்வரின் நுட்பம் பற்றிய அறிவு, மதுரைக்காஞ்சியில் காவலரின் சிறப்பு. இங்கு அதே அறிவு ஒருவனைக் கள்வன் என முன்கூட்டியே முடிவுகட்டும் கருவி. காட்சியும் சான்றும் இன்றி, வகைப்பாட்டை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கும் போக்கு எவ்வளவு பழையது என்பதை இக்காதை உணர்த்துகிறது.

இவற்றோடு மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையையும் சேர்த்து நோக்க வேண்டும். அடைத்து வைக்கும் இடத்தை உணவளிக்கும் இடமாக மாற்றுமாறு மணிமேகலை அரசனிடம் வேண்டிப் பெறுகிறாள். பசியே தீவினைக்கு வித்து என்னும் நோக்கு அக்காப்பியம் முழுதும் ஊடுருவி நிற்பது. குற்றத் தடுப்பைத் தண்டனையிலிருந்து பிரித்து வாழ்வாதாரத்தோடு இணைத்த சிந்தனை தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆகோளும் ஆநிரை மீட்டலும்

வெட்சியும் கரந்தையும் ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் இரு திணைகளாக வகுத்தன. கவர்பவரும் மீட்பவரும் ஒரே போர்த்திறம் உடையவர். இருவரும் நடுகல்லுக்கு உரியவராயினர். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான் கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல்லில் ஆகோள் என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. செங்கம் பகுதி நடுகற்கள் தொறு மீட்டு இறந்த வீரரைப் பலவாறு நினைவுகூர்கின்றன. கால்நடையே செல்வமாக இருந்த வறண்ட நிலப்பகுதிகளில் அதனைக் கவரும் திறமும் காக்கும் திறமும் ஒரே மக்களிடம் இருந்தன என்பதும், சமூகம் அத்திறத்தை இழிவாகக் கருதவில்லை என்பதும் இவற்றால் புலனாகின்றன.

கல்வெட்டுகளில் கட்டுப்பாடும் பாடிகாவலும்

சோழர் காலக் கல்வெட்டுகள் ஊரவைகளின் கட்டுப்பாட்டு முறையை விளக்குகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயின் அவற்றின் உயிர்நாடி தகுதியின்மை விதிகளில் உள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும், பெரும்பாதகம் செய்தவரும் குடத்தில் பெயர் இடப்பெறும் தகுதியை இழக்கின்றனர். சிறைத்தண்டனை இன்றி, பொதுவாழ்விலிருந்து விலக்குதல் என்னும் வழியில் நெறி காக்கப்படுகிறது. இத்தகுதிகள் நிலமும் மனையும் உடைய பிராமணர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தன என்பதையும் மறத்தலாகாது. ஊரவை தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. ஆனால் அது ஊரார் அனைவரின் அவையாக இருக்கவில்லை.

வேட்டையில் தவறுதலாக அம்பெய்து ஒருவரைக் கொன்றவருக்கு உயிர்த்தண்டனை விதிக்காது, கோயிலில் விளக்கெரிக்க ஆடோ பசுவோ கொடுக்குமாறு நாட்டாரும் ஊராரும் முடிவுசெய்ததைக் குறிக்கும் கல்வெட்டுகள் பல உள. உள்நோக்கம் உண்டா இல்லையா என்று பகுத்தறியப்பட்டுள்ளது. இழப்புக்கு ஈடு வகுக்கப்பட்டுள்ளது. மாறாக, ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பான உடையார்குடிக் கல்வெட்டில், முதலாம் இராசராசனின் தொடக்க ஆட்சியாண்டில், குற்றவாளிகளோடு அவர்தம் உறவினரின் உடைமைகளும் கைக்கொள்ளப்பட்டமை பதிவாகியுள்ளது. சாதாரணக் குற்றத்தில் தனிமனிதனையும், அரசியல் குற்றத்தில் சுற்றத்தையும் பொறுப்பாக்கும் இரட்டை நெறி அக்காலத்திலேயே நிலவியது எனலாம்.

ஊர்ப் பாதுகாப்புக்குரிய கடமை 'பாடிகாவல்' எனப்பட்டது. அதற்கென மக்கள் ஒரு பங்கைச் செலுத்தினர். சோழப் பேரரசு தளர்ந்தபின் இவ்வுரிமை வட்டாரத் தலைவர் கைக்கு மாறியது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊரார் தம்மைக் காக்குமாறு அரையர்களுக்குப் பாடிகாவல் உரிமையை அளித்ததையும் விற்றதையும் காண்கிறோம். காவல், அரசின் கடமை என்னும் நிலையிலிருந்து விலைகொடுத்துப் பெறும் உரிமை என்னும் நிலைக்கு மாறிய கட்டம் இது.

காவல் முறையின் இயக்கம்

நாயக்கர், பாளையக்காரர் காலத்தில் இவ்வுரிமை ஊர் அளவிலான தலகாவல், பரந்த வட்டாரத்துக்குரிய தேசகாவல் என இருவகையாக நிலைபெற்றது. இதன் இயக்கம் எளிமையானது. அறுவடைதோறும் குடியானவர் காவல்காரருக்கு ஒரு பங்கு தானியம் அளிப்பர். களவு நேர்ந்தால் பொருளைக் கண்டுபிடித்துத் தருவதோ அதன் மதிப்பை ஈடுசெய்வதோ காவல்காரர் கடமை. களவு போன மாட்டை மீட்டுத்தர இடையாள் வழி கொடுக்கப்பெறும் தொகை துப்புக்கூலி எனப்பட்டது.

இம்முறையைப் பொற்காலமாகப் புனைவது பிழையாகும். காவல் கொடுக்க மறுத்த ஊரில் களவு மிகுவதும், வைக்கோற்போர் எரிவதும், காவலே மிரட்டலாக மாறுவதும் நிகழ்ந்தன. ஆயினும் அதன் ஒரு கூறு தனித்துக் குறிக்கத்தக்கது. களவைத் தடுக்கத் தவறினால் காப்பவர் தம் கையிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். தோல்விக்கு விலை கொடுக்கும் இப்பொறுப்பு, பின்வந்த எந்த முறைசார் அமைப்பிலும் இடம்பெறவில்லை.

இந்நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. மராட்டியப் பகுதியில் இராமோசிகளும் இராசத்தானத்தில் மீணாக்களுள் ஒரு பிரிவினரும் ஊர்க்காவலராக இருந்தனர். காப்பவராக இருந்த இவர்களே பின்னர்க் காலனிய ஆவணங்களில் குற்றம்புரிவோராகப் பதிவுபெற்றமை இந்தியா தழுவிய ஒரு போக்கைக் காட்டுகிறது.

கும்பினி ஆட்சியும் புதிய காவல்துறையும்

கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தேசகாவல் ஒரு நேரடிப் போட்டியாகத் தோன்றியது. வரி வாங்கும் உரிமையும் ஆயுதம் தாங்கும் உரிமையும் பாளையக்காரரிடம் இருக்கும்வரை தன் இறைமை முழுமை பெறாது எனக் கும்பினி உணர்ந்தது. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், 1801-ஆம் ஆண்டுப் போரோடு பாளையக்காரர் படைவலிமை ஒடுக்கப்பட்டது; அவர்தம் காவல் உரிமையும் பறிபோயிற்று. காவல்பங்கு அரசு வருவாயோடு கலந்தது. மக்கள் செலுத்துவது தொடர்ந்தது. ஈடு பெறும் உரிமை மட்டும் மறைந்தது.

1802-இல் வங்காளத்தைப் பின்பற்றி தரோகா முறை புகுத்தப்பட்டது. அது பயன் தராமையால் 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரிடமே காவற்பணியை மீண்டும் ஒப்படைத்தது. தாமசு மன்றோவின் கருத்துகள் இம்மாற்றத்திற்குப் பின்னணியாக இருந்தன. ஆனால் வரிவாங்கும் ஆட்சியரிடமே நீதியதிகாரமும் காவல் மேற்பார்வையும் குவிந்தன. இதன் விளைவை 1854-இல் அமைக்கப்பட்டு 1855-இல் அறிக்கை அளித்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. விரல்களைக் கட்டையிடை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் போன்றவை வரி வாங்கவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் ஒருங்கே பயன்பட்டன என அக்குழு கண்டது. காப்பவரும் வரிவாங்குபவரும் ஒருவராயின் குடிகள் முறையிட இடமில்லாது போகிறது.

இவ்வறிக்கைக்குப்பின் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை தனித்துறையாயிற்று. 1861-இல் வந்த இந்தியக் காவல் சட்டத்திற்கு ஈராண்டு முற்பட்டது இது. வரித்துறையிலிருந்து காவல் பிரிந்தது உண்மையில் ஒரு முன்னேற்றமே. எனினும் இத்துறை மேலதிகாரிக்குப் பொறுப்புடையதாக அமைந்ததேயன்றி ஊருக்குப் பொறுப்புடையதாக அமையவில்லை. மேலும், பரந்த மாகாணத்திற்குக் காவலர் எண்ணிக்கை சிறிது. எனவே ஊர்ப்புறங்களில் பழைய காவல் முறை சட்டத்தின் ஏற்பின்றித் தொடர்ந்தது. சட்டத்தின் பார்வையில் அது இப்போது மிரட்டிப் பணம் பறித்தல் என்னும் குற்றம். நேற்றுவரை உரிமையாக இருந்தது ஒரு தலைமுறைக்குள் குற்றமாயிற்று.

1896-இல் மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் பகுதியில் குடியானவர் இக்காவலுக்கு எதிராகத் திரண்டனர். பொதுநிதி திரட்டித் தாமே காவலரை அமர்த்திக்கொண்ட இவ்வியக்கம், நிதியைக் குறிக்கும் 'பண்டு' என்னும் சொல்லால் அறியப்பட்டது. இழப்புக்கு ஈடு வழங்குவது என்னும் பழைய காவல் நெறியையே இப்பண்டும் கைக்கொண்டது என்பது நோக்கத்தக்கது. மக்கள் வெறுத்தது காவல்காரரின் அடாவடியை. காவல் என்னும் கருத்தை அன்று. ஆயினும் இயக்கம் வீடுகளுக்குத் தீயிட்டுக் கள்ளர் சமூகத்தாரை ஊர்களைவிட்டு விரட்டுவதாகவும் வடிவெடுத்தது. ஊர் தானே நடத்தும் கட்டுப்பாடு ஒரு சமூகத்தார் மீதான வன்முறையாக எளிதில் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

குற்றப்பரம்பரைச் சட்டம்

1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கு வந்தது. செயலைக் குற்றமாகக் கருதும் சட்ட நெறியிலிருந்து விலகி, பிறப்பைக் குற்றமாகக் கருதியது இச்சட்டம். அறிவிக்கப்பட்ட சமூகத்தின் வயதுவந்த ஆடவர் விரற்பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ ஊர்த்தலைவரிடமோ தம் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும். தமிழகத்தில் பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய பல சமூகங்கள் இதற்கு உட்பட்டன. இரவெல்லாம் விழித்து ஊரைக் காத்தவரின் வழித்தோன்றல்கள், இரவெல்லாம் காவல் நிலையத்தில் எண்ணப்படுபவராயினர். காவல் என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒரே மக்கள்மீது அடுத்தடுத்துப் படிந்த வரலாறு இது.

விரற்பதிவை மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் ஒரு பெண்ணும் உண்டு. குற்றத் தடுப்பு என்னும் பெயரால் இயற்றப்பட்ட சட்டம், எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படாத மக்களைக் கொன்றது. கேரளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் சியார்ச் சோசப்பு மதுரையில் இம்மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை நினைவிற்கொண்டனர்.

ஒடுக்குமுறையோடு சீரமைப்பும் உடன் வந்தது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளும் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. ஆந்திரப் பகுதியில் இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்டுபுரம், தென்னார்க்காட்டின் அசீசு நகர் போன்ற குடியிருப்புகள் உழைப்பின் வழியே திருத்துவதாகக் கூறிக்கொண்டன. இவற்றின் பயனை முற்றாக மறுத்தல் இயலாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விடுதலைக்குப் பின்னரும் நிலைத்துப் பல தலைமுறையினர்க்குக் கல்வி அளித்தன. ஆனால் குடியிருப்பைவிட்டு அனுமதியின்றி வெளியேறுவதே தண்டனைக்குரிய குற்றம் என்றிருந்த இடத்தை, மணிமேகலை கண்ட அறக்கோட்டத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அங்குச் சிறை அறக்கோட்டமாயிற்று. இங்கு அறக்கோட்டமே சிறையாக நின்றது.

சட்டம் நீங்கியபின்

முத்துராமலிங்கத் தேவர், ப. சீவானந்தம் முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. அனந்தசயனம் ஐயங்கார் குழுவின் பரிந்துரையை அடுத்து 1952 ஆகத்து 31-இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆயினும் சென்னையில் 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிறப்பு என்னும் சொல் நீங்கி வழக்கம் என்னும் சொல் புகுந்தது. பழைய பட்டியல்களின் நினைவு அலுவலகங்களில் தங்கிற்று. சிறை விதிநூல்களில் சாதி அடிப்படையிலான வேறுபாடுகளையும் சீர்மரபினரைக் குற்றவாளிகளாகக் கருதும் குறிப்புகளையும் நீக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஆணையிட நேர்ந்தமை, அந்நினைவு எழுபதாண்டுகளுக்கும் மேலாக நீடித்ததைக் காட்டுகிறது.

ஊருக்கும் காவல்துறைக்கும் இடையே அறுந்த தொடர்பை மீண்டும் இணைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தோன்றிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு அத்தகையது. ஆனால் 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர் தாக்குதலுக்குள்ளாகி உயிரிழந்த நிகழ்வை அடுத்து, அவ்வாண்டு சூலையில் தமிழக அரசு அவ்வமைப்பைத் தடைசெய்தது. மக்களைக் காவல்துறைக்குத் துணையாக்குவது மட்டும் போதாது. காவல்துறையை மக்களுக்குப் பொறுப்புடையதாக்கும் வழி இன்றேல் அத்துணையும் ஐயத்திற்குரியதாகிவிடும். கைது நடைமுறைகள் குறித்து 1996-இலும், காவல்துறைச் சீர்திருத்தம் குறித்து 2006-இலும் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் இப்பொறுப்பையே வலியுறுத்தின.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முறைசாரா அமைப்புகள் நல்லன, முறைசார் அமைப்புகள் தீயன என்றோ, அதன் மறுதலையாகவோ கூறுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. ஊரவை சிலரை விலக்கியது. பழைய காவல் மிரட்டியது. புதிய காவல்துறை வரித்துறையின் கொடுமையிலிருந்து குடிகளை ஓரளவு விடுவித்தது. அதே துறை முழுச் சமூகங்களைக் குற்றவாளிகளாகப் பதிந்தது.

குற்றத் தடுப்பு பயனளித்த இடங்களில் மூன்று கூறுகள் தென்படுகின்றன. காப்பவர் காக்கப்படுவோர்க்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருத்தல். செயலை மட்டும் நோக்கிப் பிறப்பை நோக்காதிருத்தல். வாழ்வாதாரமும் கல்வியும் கட்டுப்பாட்டின் பகுதியாகக் கருதப்படுதல். இவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் காவல் என்னும் சொல் பாதுகாப்பு என்னும் பொருளிலிருந்து அடைப்பு என்னும் பொருளுக்குச் சரிந்துள்ளது.

கோவலனைக் கண்டு தயங்கிய ஊர்காப்பாளரின் பெயர்களைக் காப்பியம் சொல்லவில்லை. அவர்தம் தயக்கம் இன்னும் சற்று நீடித்திருப்பின் மதுரை எரிந்திராது. வகைப்பாடு விரைந்து முடிவு கூறும்போது சான்று கேட்டுத் தயங்குவதே காவலின் முதற்கடமை என்பதை அக்காதையும், அதற்குப் பின்வந்த நெடிய வரலாறும் ஒருசேர உணர்த்துகின்றன.